பந்து போடுபவரா, மட்டை பிடிப்பவரா? – பேப் ரூத்தின் கதை



கிரிக்கெட் பற்றி எழுதச் சொன்னால் நம்ம ஸ்கூலில் ஆளுக்குப் பத்துப் பக்கம் எழுதுவார்கள். அதனால் நான் பேஸ்பால் பக்கம் போகிறேன். அந்த ஆட்டத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு சண்டை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு டீமைப் புதிதாகக் கட்டும்போது கையில் இருக்கிற பணத்தை நல்ல பிட்சர்களுக்குப் போடணுமா, நல்ல பேட்டர்களுக்குப் போடணுமா? இதில் இரண்டு கட்சிக்காரர்களும் சாட்சிக்குக் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான். அவர்தான் பேப் ரூத்.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். டீமுக்கு 9 பேர், மொத்தம் 9 இன்னிங்ஸ். ஒரு இன்னிங்ஸில் 3 பேர் அவுட் ஆனால் அடுத்த டீமின் முறை. பிட்சர் என்பவர் நம்ம பவுலர் மாதிரி. ஆனால் ஓடி வரமாட்டார், பந்தும் தரையில் குத்தாது. 60 அடி 6 அங்குல தூரத்தில் இருந்து நேராக வீசுவார். பேட்டர் அதை வேலிக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன். நம்ம சிக்ஸர் மாதிரிதான், ஆனா ஆறு ரன் கிடையாது. அடிச்சவருக்கு ஒண்ணு, ஏற்கெனவே பேஸில் நிற்கிறவங்களுக்குத் தலா ஒண்ணு, அவ்வளவுதான். முழு ஆட்டத்திலும் சேர்த்து நாலு ரன் எடுத்தாலே கௌரவமான ஸ்கோர்!

இன்னொரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. பேட்டருக்கு ஒரு ஆட்டத்தில் நாலைந்து தடவைதான் முறை வரும். பிட்சரோ தன் டீம் ஃபீல்டிங் செய்யும்போது ஒவ்வொரு பந்தையும் தானே போடுகிறார். அப்போ பிட்சர்தானே பெரிய ஆள்? அவசரப்படாதீங்க. பேட்டர் தினமும் ஆடலாம். பிட்சரின் கை அதுக்குத் தாங்காது. ஒரு நாள் போட்டால் மூன்று நான்கு நாள் ஓய்வு வேணும். ரூத்தின் வாழ்க்கையே இந்தக் கணக்கில்தான் திசை மாறியது.

ஜார்ஜ் ஹெர்மன் ரூத் 1895 பிப்ரவரி 6-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் பிறந்தார். அப்பா மதுக்கடை நடத்தினார். பையன் அடங்காத பிள்ளை. ஸ்கூலுக்குப் போகாமல் தெருவிலேயே திரிந்தான். 7 வயதில், 1902-ல், செயின்ட் மேரிஸ் என்ற தொழில் பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். கட்டுப்பாடு நிறைந்த இடம் அது. அங்கே சட்டை தைக்கிற வேலை கற்றுக்கொண்டார். நடுவில் சில தடவை வீட்டுக்குப் போனாலும் 19 வயது வரை பெரும்பாலும் அதுதான் அவருக்கு வீடு.

அங்கே பிரதர் மத்தையாஸ் என்று ஒருவர் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம். பேஸ்பாலை ரூத்துக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். ரூத் இடது கைக்காரர். ஆனால் பள்ளியில் இருந்தது வலது கைக்காரர்களுக்கான கையுறை. அதை மாட்டிக்கொண்டு பந்தைப் பிடித்து, கையுறையைக் கழற்றி, அதே கையால் திருப்பி எறிவாராம். ஒரு நாள் சொந்த டீம் பிட்சர் அடி வாங்குவதைப் பார்த்து ரூத் சிரிக்க, அப்படின்னா நீயே போய்ப் போடு என்று மத்தையாஸ் அனுப்பிவிட்டாராம். அப்படித்தான் அவர் பிட்சர் ஆனார் என்று சொல்வார்கள். (கிண்டல் பண்றதுலயும் நன்மை இருக்கு போல!)

1914 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் டீமின் ஜாக் டன் அவரை எடுத்துக்கொண்டார். டன் கூட்டி வந்த குழந்தை என்று மற்ற ஆட்டக்காரர்கள் கேலி செய்ததில் ‘பேப்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதே வருஷம் ஜூலையில் பணமுடை காரணமாக டன் அவரை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு விற்றுவிட்டார்.

ரூத் என்றாலே ஹோம் ரன்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனா பாஸ்டனில் அவர் முதல் தரமான பிட்சர். 1916-ல் 23 ஆட்டங்கள் ஜெயித்தார். 9 இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி வெறும் 1.75. அந்த லீக்கிலேயே அதுதான் சிறந்தது. அந்த வருஷ உலகத் தொடரில் புரூக்ளினுக்கு எதிராக ஒரு ஆட்டம் 14 இன்னிங்ஸ் வரை போனது. முதல் இன்னிங்ஸில் ஒரு ரன் கொடுத்தவர், அடுத்த 13 இன்னிங்ஸும் ஒரு ரன்கூட விடவில்லை. 2-1 என்று பாஸ்டன் ஜெயித்தது. 1917-ல் 24 வெற்றி.

அந்த வருஷம் ஒரு தமாஷும் நடந்தது. ஜூன் 23 அன்று முதல் பேட்டருக்கு நாலு பந்து தப்பாகப் போட்டு, அம்பயரோடு சண்டை போட்டு, அவரை அடிக்கவும் போய், மைதானத்தை விட்டே வெளியேற்றப்பட்டார். அவசரமாக உள்ளே வந்தவர் எர்னி ஷோர். பேஸில் நின்றவர் ஓடப் பார்த்து அவுட் ஆனார். அதற்கப்புறம் வந்த 26 பேரையும் ஷோர் வரிசையாக வீட்டுக்கு அனுப்பினார்! நல்ல பிட்சர் கையில் பந்து இருந்தால் எதிர் டீம் எவ்வளவு பெரிய டீமா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேணுமா?

1918-ல்தான் கதை திரும்புகிறது. முதல் உலகப் போர். பல ஆட்டக்காரர்கள் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். பாஸ்டனில் அடிக்க ஆள் இல்லை. ரூத்தை மற்ற நாட்களில் பேட்டராகவும் இறக்கலாமே என்று சக ஆட்டக்காரர் ஹாரி ஹூப்பர் மேனேஜர் எட் பாரோவிடம் எடுத்துச் சொன்னார். லீக்கின் சிறந்த இடது கைப் பிட்சரைப் போய் பேட்டர் ஆக்கினால் ஊரே சிரிக்கும் என்று பாரோவுக்குப் பயம். தயங்கித் தயங்கித்தான் ஒத்துக்கொண்டார். ரூத் 11 ஹோம் ரன் அடித்து லீக்கின் முதலிடத்தைப் பங்கிட்டுக்கொண்டார். பிட்சராக 13 வெற்றியும் உண்டு. ஒரே சீசனில் 10 வெற்றி, 10 ஹோம் ரன் என்ற இந்தச் சாதனையை அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் அடுத்து ஒருவர் தொட்டது 2022-ல்தான். ஜப்பான்காரர் ஷோஹெய் ஓட்டானி. 104 வருஷம்!

இரண்டு வேலையும் சேர்ந்து ரூத்தின் உடம்பை வாட்டியது. பாரோவோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு தடவை டீமை விட்டே கிளம்பிப் போய், பிறகு திரும்பி வந்தார்.

அந்த 1918 உலகத் தொடரின் ஸ்கோரைப் பாருங்க. சிகாகோ கப்ஸுக்கு எதிராக 6 ஆட்டம். பாஸ்டன் எடுத்த மொத்த ரன் 9. சிகாகோ எடுத்தது 10. ஒரு ஹோம் ரன்கூட இல்லை. கோப்பை பாஸ்டனுக்கு! எல்லாம் பிட்சர்கள் புண்ணியம். ரூத் மட்டும் இரண்டு ஆட்டம் ஜெயித்தார். 1916-லிருந்து தொடர்ந்து 29 இன்னிங்ஸுக்கு மேல் உலகத் தொடரில் ரன்னே கொடுக்காமல் வைத்திருந்தார். அந்தச் சாதனை 1961 வரை நின்றது.

அடுத்த வருஷம் அப்படியே தலைகீழ். 1919-ல் ரூத் பெரும்பாலும் பேட்டர். 29 ஹோம் ரன். அது வரை யாரும் ஒரு சீசனில் அடிக்காத எண்ணிக்கை. டீம்? எட்டு டீம்களில் ஆறாவது இடம்! முதலாளி ஹாரி ஃப்ரேஸீக்குக் கடன் நெருக்கடி, ரூத்துக்கோ சம்பளம் இரண்டு மடங்காக வேணும். இவர் இத்தனை அடிச்சும் ஆறாவது இடம்தானே என்பது ஃப்ரேஸீயின் வாதம். ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றுவிட்டார். 1920 ஜனவரியில் செய்தி வெளியானது. ஃபென்வே பார்க் மைதானத்தை ஈடாக வைத்துப் பெரிய கடனும் யாங்கீஸ் முதலாளியிடம் வாங்கினார்.

ஃப்ரேஸீயை எல்லோரும் முட்டாள் என்பார்கள். அவர் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மீதிப் பாதியை ரூத் நியூயார்க்கில் காட்டினார்.

1920-ல் ரூத் அடித்தது 54 ஹோம் ரன். லீக்கில் இரண்டாவதாக வந்த ஜார்ஜ் சிஸ்லர் அடித்தது 19. அதுக்கு முந்தைய தலைமுறையில் ‘ஹோம் ரன்’ பேக்கர் என்று பட்டப்பெயரே வாங்கின ஒருத்தர் ஒரு சீசனில் 12-ஐத் தாண்டியதே இல்லை. அப்போ பந்து அழுக்காகி, எச்சில் பட்டு, மெத்தென்று ஆகிற வரை அதையே போட்டுக்கொண்டிருப்பார்கள். 1920-ல் எச்சில் பந்துக்குத் தடை வந்தது. அதே வருஷம் கார்ல் மேஸ் வீசிய பந்து தலையில் பட்டு ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் இறந்தே போனார். அதன் பிறகு அழுக்குப் பந்தை உடனே மாற்ற ஆரம்பித்தார்கள். பேட்டர்களுக்குக் காலம் பிறந்தது. யாங்கீஸ் ஆட்டத்தைப் பார்க்க அந்த ஒரே சீசனில் 12 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். பிட்சரைப் பார்க்க தினமும் கூட்டம் வராது. பேட்டரைப் பார்க்க வரும்.

ஆனால் 1920-ல் யாங்கீஸ் மூன்றாவது இடம்தான். ரூத் கட்சிக்காரர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்!

இனிமேல்தான் முக்கியமான இடம். யாங்கீஸ் ரூத்தை வாங்கியதோடு நிற்கவில்லை. கார்ல் மேஸ் 1919-லேயே பாஸ்டனில் இருந்து வந்துவிட்டார். 1920 டிசம்பரில் வெய்ட் ஹாய்ட். 1921 டிசம்பரில் சாம் ஜோன்ஸ், ஜோ புஷ். 1923 ஜனவரியில் ஹெர்ப் பென்னாக். எல்லோரும் பிட்சர்கள். எல்லோரும் பாஸ்டன் ஆட்கள். அட, அந்த எட் பாரோவே நியூயார்க்குக்கு நிர்வாகியாக வந்துவிட்டார்! 1921-ல் மேஸ் 27 வெற்றி, ஹாய்ட் 19. யாங்கீஸ் முதல் தடவையாக லீக்கை ஜெயித்தது. ரூத்தும் சும்மா இல்லை, 59 ஹோம் ரன். ஆனால் 1921, 1922 இரண்டு உலகத் தொடரிலும் ஜயன்ட்ஸிடம் தோல்வி. 1922 தொடரில் ஜயன்ட்ஸ் பிட்சர்கள் ரூத்தைக் கட்டியே போட்டுவிட்டார்கள். 17 முயற்சியில் 2 ஹிட்.

1923-ல் யாங்கீ ஸ்டேடியம் திறந்தது. முதல் நாளே ரூத் அங்கே ஹோம் ரன் அடித்தார். அந்த வருஷம் யாங்கீஸின் ஐந்து முக்கியப் பிட்சர்களும் ஆளுக்கு 16 வெற்றிக்குக் குறையவில்லை. ஐந்தில் நான்கு பேர் பாஸ்டனிலிருந்து வந்தவர்கள். உலகத் தொடரில் ரூத் 3 ஹோம் ரன், பென்னாக் 2 வெற்றி. யாங்கீஸின் முதல் கோப்பை அதுதான். பாஸ்டன் என்ன ஆனது? 1922-லிருந்து 1930-க்குள் எட்டு வருஷம் கடைசி இடம். அடுத்த உலகத் தொடர் வெற்றி 2004-ல்! இதை ரூத்தை விற்ற சாபம் என்பார்கள். எனக்கென்னவோ நாலு பிட்சர்களையும் சேர்த்து விற்றதன் சாபம் என்றுதான் தோன்றுகிறது.

ஆனா எதிர்க்கட்சிக்கும் ஒரு பலமான சாட்சி இருக்கு. 1925-ல் ரூத் நோய்வாய்ப்பட்டு ஆபரேஷன் ஆகி, ஜூன் மாதம்தான் ஆட வந்தார். வந்தும் பழைய ரூத் இல்லை. பிட்சர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். டீம் ஏழாவது இடத்துக்கு விழுந்தது! ஆக, ஒரே ஒரு ஆளைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் தினமும் ஆடுகிற பேட்டரையே எடுப்பேன். டீம் முழுசையும் கட்டச் சொன்னால் முதல் காசு பிட்சர்களுக்குத்தான்.

1927 யாங்கீஸை எல்லோரும் அடிக்கிற டீம் என்றே பேசுவார்கள். ரூத் 60, லூ கெரிக் 47. சரிதான். ஆனால் லீக்கிலேயே குறைவாக ரன் கொடுத்த டீமும் அதுதான் என்பதை யாரும் சொல்வதில்லை. 975 ரன் எடுத்து 599 தான் கொடுத்தார்கள். 110 வெற்றி. இதோடு 1931-ஐ ஒப்பிடுங்க. ரூத், கெரிக் இரண்டு பேரும் தலா 46 ஹோம் ரன். டீம் 1067 ரன், 1927-ஐ விட அதிகம்! ஆனாலும் பிலடெல்பியாவுக்குப் பின்னால் இரண்டாவது இடம். பிலடெல்பியாவிலும் நல்ல பேட்டர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே லெஃப்டி க்ரோவ் என்ற பிட்சர் அந்த வருஷம் 31 ஆட்டம் ஜெயித்து 4 தான் தோற்றார்.

ரூத்துக்குள் இருந்த பிட்சர் சாகவே இல்லை. 1930 சீசனின் கடைசி ஆட்டத்தில் பாஸ்டனுக்கு எதிராக 9 இன்னிங்ஸும் போட்டு ஜெயித்தார். 1933 அக்டோபர் 1-ல், 38 வயதில், தொந்தியும் தொப்பையுமாக மறுபடி முழு ஆட்டமும் போட்டார். 6-5 வெற்றி. அன்றைக்கு ஒரு ஹோம் ரனும் அவரே அடித்தார். அதன் பிறகு பல நாள் இடது கையைத் தூக்க முடியவில்லையாம்.

மேனேஜர் ஆகணும் என்ற ஆசை மட்டும் நிறைவேறவில்லை. 1935-ல் பாஸ்டன் பிரேவ்ஸுக்குப் போனார். மே 25 அன்று பிட்ஸ்பர்க்கில் ஒரே ஆட்டத்தில் 3 ஹோம் ரன் அடித்தார். அந்த மூன்றாவதுதான் அவருடைய 714-வது, கடைசி ஹோம் ரன். ஆட்டத்தில் யார் ஜெயித்தது? பிட்ஸ்பர்க், 11-7. பிரேவ்ஸில் பந்து போட ஆள் இல்லை. அந்த சீசனில் அந்த டீம் 115 ஆட்டம் தோற்றது. ரூத் ஜூன் ஆரம்பத்திலேயே விலகிவிட்டார்.

1936-ல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாக ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வால்டர் ஜான்சன், கிறிஸ்டி மேத்யூசன் இருவரும் பிட்சர்கள். டை காப், ஹோனஸ் வாக்னர் இருவரும் பேட்டர்கள். ஐந்தாவது ஆள் ரூத்.

1948 ஆகஸ்ட் 16-ல் புற்றுநோயால் நியூயார்க்கில் இறந்தபோது அவருக்கு 53 வயது. யாங்கீ ஸ்டேடியத்தின் வாசலில் உடலை வைத்திருந்தார்கள். பல்லாயிரக்கணக்கான ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.