தோற்ற ராஜா, தோற்காத ரூல்ஸ்! - முதலாம் பராந்தக சோழனின் கதை

ஒரகடம் பக்கம் வேலை பார்க்குறீங்களா? அப்போ வடக்குப்பட்டுங்கிற பேரை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. கார் கம்பெனிகளுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவுல இருக்குற ஒரு சின்ன ஊர். 2022-ல இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டினப்போ, கற்கால மனிதர்கள் செஞ்ச கல் ஆயுதங்கள் கிடைச்சது. அதுக்கு மேல் அடுக்குல கிடைச்சதுதான் ஆச்சர்யம். ரோமானியர்களோட ஜாடித் துண்டுகள்!

ரோம்னு சொன்னதும் கிளாடியேட்டர் படம் ஞாபகம் வருதா? அதுக்கு முன்னாடி ரோம் ஒரு குடியரசு. கி.மு. 509-ல ராஜாவைத் துரத்திட்டு, ரெண்டு தலைவர்களை ஒரே ஒரு வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்குற முறையைக் கொண்டு வந்தாங்கன்னு அவங்க வரலாறு சொல்லுது. அப்புறம் நாடு நாடா பிடிச்சாங்க. பிடிக்கப் பிடிக்க, படைத்தளபதிகள் கை ஓங்குச்சு. கடைசியில கி.மு. 27-ல அகஸ்டஸ் கையில மொத்த அதிகாரமும் போனது. நாடு பெருசாச்சு, குடியரசு காணாமப் போச்சு.

இதே கேள்வி நம்ம ஊர்லயும் ஒருத்தர் வாழ்க்கையில வருது. நாடு பிடிக்கிறதா, ஊரை ஒழுங்கா நடத்துறதா? அவர் பெயர் முதலாம் பராந்தக சோழன். ராஜராஜ சோழனோட கொள்ளுத்தாத்தா.

தாத்தா தொடங்கினார், பேரன் துரத்தினார்

கி.பி. 850 வாக்கில் விஜயாலய சோழன் தஞ்சாவூரைப் பிடித்தார். அவர் மகன் ஆதித்தன், பல்லவ மன்னன் அபராஜிதனை வீழ்த்தி தொண்டை மண்டலத்தைச் சோழர் கைக்குக் கொண்டு வந்தார். இன்றைய காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எல்லாம் அந்தத் தொண்டை மண்டலம்தான். அந்த ஆதித்தனின் மகன்தான் பராந்தகன். கி.பி. 907-ல் ஆட்சிக்கு வந்தார்.

வந்த வேகத்தில் தெற்கே திரும்பினார். பாண்டிய மன்னன் ராஜசிம்மனைத் தோற்கடித்து மதுரையைப் பிடித்தார். `மதுரை கொண்ட' என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பாண்டியன் சும்மா இருக்கவில்லை. இலங்கை மன்னனிடம் உதவி கேட்டார்; கடல் தாண்டிப் படை வந்தது. வெள்ளூரில் நடந்த போரில் இரண்டு படைகளையும் பராந்தகன் முறியடித்தார்.

இங்கேதான் ட்விஸ்ட். தப்பி ஓடிய பாண்டியன், தன் குலத்து மணிமுடியை இலங்கையில் விட்டுவிட்டு, அம்மாவின் ஊரான கேரளத்துக்குப் போய்விட்டார். மதுரை கையில் இருக்கிறது. அந்த மதுரையில் முடிசூட்டிக்கொள்ள பாண்டியர் கிரீடம் இல்லை! பல வருடங்கள் கழித்து அதற்காகவே பராந்தகன் இலங்கைக்குப் படை அனுப்பினார். அங்கிருந்த மன்னன் கிரீடத்தோடு தீவின் தெற்கே ரோகணத்துக்கு ஓடிவிட்டார். `மதுரையும் ஈழமும் கொண்ட' என்று பட்டம் நீண்டதே தவிர, கிரீடம் வரவே இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து ராஜேந்திர சோழன்தான் அதை மீட்டார். ஒரு குடும்பம் எத்தனை தலைமுறைக்கு ஒரு விஷயத்தை மனசுல வச்சிருந்திருக்கு பாருங்க!

குடத்துக்குள் ஓலை

இப்போ கொஞ்சம் வடக்கே வாங்க. ஒரகடத்துல இருந்து பைக்குல கிளம்பினா, ஒரே நாள்ல உத்திரமேரூர் போய்ட்டு வந்துடலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் பராந்தகனின் 12-வது, 14-வது ஆட்சியாண்டுகளில் பொறித்த இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. அதாவது கி.பி. 919, 921.

ஊர்ச்சபை என்பது பராந்தகன் கண்டுபிடிப்பு இல்லை. பல்லவர் காலத்திலேயே இருந்ததுதான். ஆனால், யார் உறுப்பினர் ஆகலாம், யார் ஆகவே கூடாது என்று இவ்வளவு விவரமாக எழுதி, கல்லில் வெட்டியது இவர் காலத்தில்தான். முடிவெடுத்தது ஊர்ச்சபை. அரசனின் ஆணையோடு வந்த அதிகாரி பக்கத்தில் இருந்தார்.

முறை இதுதான். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. நம்ம பாஷையில வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். ஊர் முழுக்கக் கூடியிருக்கும்போது, எதுவும் தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஏன்? விரலிடுக்கில் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இருக்க வேண்டும். கள்ள ஓட்டுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சிசிடிவி!

இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடந்த மூன்று வருடங்களில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது.

இதைவிடக் கறாரான விதி ஒன்று இருக்கிறது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமில்ல பாஸ்... அவருடைய அண்ணன், தம்பி, மகன், மருமகன், மாமனார், தாய்மாமன், அத்தை மகன், சித்தி மகன் வரைக்கும் யாரும் வர முடியாது. பினாமிக்கு வழியே இல்லை. லஞ்சம் வாங்கியவருக்கும், அடுத்தவர் பொருளைத் திருடியவருக்கும் இடமில்லை.

இரண்டே வருடத்தில் இந்த விதிகளைத் திருத்தவும் செய்தார்கள். 919-ல் வயது வரம்பு 30 முதல் 60. 921-ல் 35 முதல் 70. போட்ட சட்டத்தை நடத்திப் பார்த்து மாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி.

ரொம்பப் புகழ்ந்துடவும் வேணாம். இது ஓட்டுப் போடும் தேர்தல் இல்லை, குலுக்கல். உத்திரமேரூர் ஒரு பிராமணக் குடியிருப்பு. வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். பெண்களுக்கும், அந்த நிலத்தில் உழுதவர்களுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. எல்லாருக்கும் ஓட்டு என்பதற்கு நாம் இன்னும் ஆயிரம் வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

யானை மேல் ஒரு மரணம்

இன்னொரு பக்கம் பராந்தகன் தில்லைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்ததாகச் செப்பேடுகள் சொல்கின்றன. அவருடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரில் உருவானதுதான் வீரநாராயண ஏரி. பொன்னியின் செல்வன்ல வந்தியத்தேவன் குதிரையில வர்ற அதே ஏரி. இப்போ சென்னைக்குக் குடிதண்ணி தர்ற வீராணம் ஏரியும் அதுதான்!

ஆனால், வடக்கில் பகை வளர்ந்துகொண்டே இருந்தது. ராஷ்டிரகூடர்கள் எந்த நேரமும் வரலாம் என்று, மூத்த மகன் ராஜாதித்தனைப் பெரும்படையோடு திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்தி வைத்தார். எதிர்பார்த்தது நடந்தது. கி.பி. 949-ல் அரக்கோணம் பக்கத்தில் உள்ள தக்கோலத்தில் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதல். யானை மேல் இருந்து போரிட்ட ராஜாதித்தன், கிருஷ்ணனின் கூட்டாளியான கங்க மன்னன் பூதுகனால் கொல்லப்பட்டார். சோழர் படை சிதறியது. `ஆனைமேல் துஞ்சிய தேவர்' என்று பிற்காலக் கல்வெட்டுகள் அந்த இளவரசனைக் குறிப்பிடுகின்றன.

ராஜாதித்தனின் தளபதி வெள்ளன் குமரன், கேரளத்துக்காரர். அன்றைய போரில் தன் தலைவனோடு சாக முடியவில்லையே என்ற துயரத்தில் துறவியாகி, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் திருவொற்றியூர் மடத்தில் வாழ்ந்தவர் அவர்தான் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தளபதிக்கே அப்படி என்றால், அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்? நாற்பது வருடங்களுக்கு மேல் ஆண்டவர். வயதான காலத்தில் மகனை இழந்தார். தந்தை வென்று கொடுத்த தொண்டை மண்டலமும் கைவிட்டுப் போனது. கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று கிருஷ்ணன் பட்டம் சூட்டிக்கொண்டார். கி.பி. 955 வாக்கில் பராந்தகன் இறந்தபோது சோழநாடு மறுபடி சின்ன நாடு.

மிச்சம் இருப்பது எது?

பிடித்த மதுரை நிலைக்கவில்லை. ஈழம் நிலைக்கவில்லை. தேடிய கிரீடம் கிடைக்கவே இல்லை. ஆனால், உத்திரமேரூர் சுவரில் வெட்டிய விதிகள் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கின்றன. ரோமில் நாடு வளர்ந்து குடியரசைத் தின்றது. இங்கே நாடு சுருங்கியும் ஒரு ஊரின் ரூல்ஸ் பிழைத்துக்கொண்டது. அந்தச் சுவரில் ராஜாவின் பெயர் இருப்பது வருடக் கணக்குச் சொல்லத்தான், பேசுவது ஊர்.

சரி, அதுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? இன்னைக்கு உங்க ஊர் கிராம சபையில கலந்துக்க நிலம் வேணாம், வேதம் தெரிஞ்சிருக்க வேணாம். வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா போதும். 21 வயசு ஆகிட்டா ஊராட்சித் தேர்தல்ல நீங்களே நிக்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2... இந்த நாள்கள்ல கிராம சபை கூடும். வரவு செலவைக் கேட்கலாம். ஏரி ஏன் தூர் வாரலைன்னும் கேட்கலாம். லீவு நாள்தானே, ஷிஃப்ட் இல்லைன்னா ஒரு எட்டு போய்ட்டு வாங்க. குடத்துல உங்க ஓலையும் இருக்கு!