உயிர் பறிக்காத துப்பாக்கி

வானில் பறக்கும் பறவையைக் கண்டு வியவாதார் இல்லை. அதன் சிறகசைவைச் சிந்திப்போர்க்கு உரிய சான்றாகத் திருமறையும் காட்டுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் சிறகு பூட்டிப் பறக்க முயன்றார் என்றும், தரையிறங்குகையில் காயமுற்றார் என்றும் வரலாற்றாசிரியர் அல் மக்கரீ குறித்துள்ளார். பறவையைப் போலப் பறக்க விழைந்தோர் பலர். ஆயின் பறவையின் சிறகு எவ்வாறு இயங்குகிறது என்பதை முழுமையாகக் கண்டவர் எவருமிலர். சிறகின் விரைவு கண்ணின் ஆற்றலை வென்றதே காரணம். அக்குறையை நீக்கப் பெரிதும் உழைத்தவர் பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே ஆவார்.

மருத்துவருள் ஒரு பொறியாளர்

மாரே 1830-ஆம் ஆண்டு திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற போன் நகரில் பிறந்தார். பொறியியலில் நாட்டங் கொண்டிருந்தும், தந்தையாரின் விருப்பத்திற்கிணங்கி மருத்துவம் பயின்றார். எனினும் அவருள் இருந்த பொறியாளர் உறங்கவில்லை. நாடித்துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவியை அமைத்து, 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகழ் பெற்றார். உயிரினங்களை அறுத்துப் பார்க்கும் ஆய்வுமுறை மேலோங்கியிருந்த காலம் அது. உயிரின் இயக்கத்தை, அது குலையாதவாறே அறிதல் வேண்டும் என்பது மாரேயின் கொள்கை.

அக்கொள்கையோடு அவர் பறவைகளை நோக்கித் திரும்பினார். பறவையின்மேல் சிறு கருவியைப் பொருத்தி, சிறகசைவைச் சுழலும் உருளையின்மீது கோடாகப் பதிவு செய்தார். சிட்டுக்குருவி நொடிக்கு 13 முறையும் புறா 8 முறையும் சிறகடிப்பதாகக் கணக்கிட்டார். இவ்வாய்வுகள் 1873-இல் நூலாக வெளிவந்தன. ஆயினும், கருவியைச் சுமந்து பறக்கும் பறவை தன்னியல்பில் பறக்கும் பறவையாகுமா என்னும் வினா எஞ்சி நின்றது.

ஒளியே கருவியானது

அமெரிக்காவில் மைப்ரிட்ஜ் என்பார் எடுத்த, ஓடும் குதிரையின் படங்கள் 1878-இல் உலகை வியப்பில் ஆழ்த்தின. பறவைகளையும் அவ்வாறே எடுத்துதவுமாறு மாரே வேண்டினார். 1881-இல் பாரிசுக்கு வந்த மைப்ரிட்ஜ் காட்டிய பறவைப் படங்கள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. பிறரை எதிர்பார்த்திராமல் தாமே கருவி செய்யத் துணிந்தார்.

1882-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரருகே அக்கருவி செயற்பட்டது. தோற்றத்தில் அது துப்பாக்கி. குழலினுள் கண்ணாடி வில்லை. பின்புறம் சுழலும் ஒளிப்படத் தகடு. விசையை இழுத்தால் ஒரு நொடியில் 12 படங்கள் பதியும். ஒவ்வொன்றும் ஒளியை ஏற்ற நேரம் நொடியின் 720-இல் ஒரு பங்கே! பறவைகளைக் குறிபார்த்து, ஒன்றையும் வீழ்த்தாமல், வெறுங்கையோடு மகிழ்ந்து திரும்பும் இம்மனிதரைப் பித்தர் என்றே அவ்வூரார் எண்ணினராம். அவர் வேட்டையாடியது பறவையை அன்று. அதன் அசைவை என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்!

துப்பாக்கி தந்த படங்கள் மிகச் சிறியவை. ஆதலின் அவர் அதனோடு அமையவில்லை. பாரிசில் நிறுவிய ஆய்வு நிலையத்தில், கரிய பின்னணிக்கு முன்னே வெண்ணிறப் பறவைகளைப் பறக்கவிட்டு, சிறகின் அடுத்தடுத்த நிலைகளை ஒரே தகட்டில் பதித்தார். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முன்னிருந்தும் எடுத்த படங்களைக் கொண்டு, கடற்காக்கை, புறா ஆகியவற்றின் பறத்தல் நிலைகளை உருவச் சிலைகளாகவும் வடித்தார். சிறகு படகின் துடுப்பைப் போலக் காற்றைப் பின்னோக்கித் தள்ளுகிறது என்று எண்ணியோர் உண்டு. கீழிறங்கும் சிறகு முன்னோக்கியும் செல்வதைப் படங்கள் தெளிவாக்கின. 1890-இல் ‘பறவைகளின் பறத்தல்’ என்னும் நூல் வெளிவந்தது.

விளைந்த பயன்

பின்னர் அவர் நீண்ட படச்சுருளையும் கையாண்டார். 1889-இல் பாரிசுக்கு வந்த எடிசன் அவருடைய படங்களைக் கண்டார். 1895-இல் லூமியேர் உடன்பிறந்தார் திரைப்படத்தை மக்கள் முன் காட்டினர். அத்தொழிலில் பொருளீட்ட மாரே முனையவில்லை. கண் காணாததைக் காண்பதே அவர் நோக்கம். விலங்குகளின் இயக்கம் பற்றிய அவரது நூல் ரைட் உடன்பிறந்தாரின் இல்லத்திலும் இருந்தது. அவர்கள் அதனைக் கற்றிருந்தனர். 1903 டிசம்பர் 17-இல் அவர்தம் வானூர்தி விண்ணில் எழுந்தது. 1904-இல் மாரே மறைந்தார்.

இன்று விரைந்து பறக்கும் சிறு பறவையின் ஒவ்வோர் இறகும் தெளிவாகத் தோன்றும் படத்தை எளிதில் காண்கிறோம். அத்தெளிவின் பின்னே ஒருவரின் பல்லாண்டு உழைப்பு உள்ளது. மாணவச் செல்வங்களே! ஓர் உயிரை அறிவதற்கு அதனை அழிக்க வேண்டுவதில்லை. பொறுமையும் கூர்த்த நோக்கும் போதும். ஊரார் பித்தர் என்றபோதும் தம் குறி தவறாதிருந்த மாரேயின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.