தறியமர்ந்த மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பா (ரஹ்)

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நம்மவருக்குப் பீர்மேடு புதிய பெயரன்று. கூடலூரைக் கடந்து, லோயர்கேம்பிலிருந்து மலைப்பாதை ஏறிக் குமுளியை அடைந்து, கோட்டயம் செல்லும் நெடுஞ்சாலையில் மேலும் சென்றால் அவ்வூர் வரும். ஏலத்தோட்ட வேலைக்கும் வாணிபத்துக்கும் மலையேறும் நம் மக்கள் நாவில் அப்பெயர் நாளும் புழங்குகிறது. ஆயினும் அதனுள்ளே ஓர் இறைநேசரின் திருப்பெயர் உறைந்திருப்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? பீர்முகம்மது வலியுல்லாஹ் அவர்கள் தனித்திருந்து தியானம் புரிந்த மேடே பீர்மேடு ஆயிற்று என்பது வழிவழியாக வரும் செய்தியாகும்.

அப்பா அவர்கள் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள் என்பர் ஆய்வாளர். பிறந்த ஊர் தென்காசி. தமிழும் இறைஞானமும் தேடி வளர்ந்த அவர்கள், பின்னர் மேற்கு மலைக்காட்டைத் தம் இருப்பிடமாகக் கொண்டார்கள். இன்று நாம் காணும் தேயிலைத் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டில் வந்தவை. பெரியாற்று அணை 1895இல் எழுந்தது. அப்பா அவர்கள் இருந்த காலத்திலோ யானைக் கூட்டமும் அட்டையும் மழையும் நிறைந்த பெருங்காடு அது. அங்கே கேட்க ஆளில்லை, பாராட்டவும் ஆளில்லை. பாடுவோன் ஒருவனுக்கு இதனினும் கடுமையான பயிற்சி வேறு ஏது?

எம்பெருமானார் ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் ஹிராக் குகையில் தனித்திருந்து, பின் மக்களிடையே இறங்கி வந்த வரலாற்றை நாம் அறிவோம். அந்தச் சுன்னத்தின் நிழலில் நடந்த அப்பா அவர்களும் மலையிலேயே தங்கிவிடவில்லை. வேணாட்டு மன்னர்களின் தலைநகராக விளங்கிய பத்மநாபபுரத்தை அடுத்த தக்கலைக்கு வந்து, தறியில் அமர்ந்து, நெய்து பிழைத்தார்கள். கை நாடாவை ஓட்ட, நாவு இறைவனைப் பாடிற்று. அவர்கள் பாடியவை பதினெண்ணாயிரம் என்பது மரபு.

அப்பாடல்கள் எந்த வடிவில் அமைந்தன என்பதையே, வாசகர்களே, நீங்கள் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டும். ஞானப்புகழ்ச்சியில் அவர்கள் இறைவன் திருமுன் நின்று இரந்து புகழ்கிறார்கள். திருமெய்ஞ்ஞானச் சரநூலிலோ மூச்சை ஆராயும் பழந்தமிழ் நூல்மரபைக் கையாளுகிறார்கள். ஞானக்குறம், ஞானரத்தினக் குறவஞ்சி ஆகியவற்றில் குறத்தி பேசுகிறாள். சிங்கன், சிங்கி என்னும் இருவரின் வினாவிடையாக மெய்ஞ்ஞான நுட்பங்கள் விளக்கம் பெறுகின்றன. ஆனந்தக் களிப்பு மெட்டிலும் ஞானம் பாடப்படுகிறது. மலையில் வாழ்ந்த ஒருவர் மலைமகளாகிய குறத்தியின் வாய்மொழியை எடுத்துக்கொண்டது பொருத்தமே அன்றோ?

தறியறிந்தவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். பாவு நீளவாட்டில் அசையாது நிற்கும். ஊடை குறுக்கே ஓடி நிறம் கூட்டும். அப்பா அவர்களின் பாடல்களில் பாவாக நிற்பது தவ்ஹீது. ஊடையாக ஓடுவது தமிழ். அரபுச் சொல்லும் சித்தர் குழூஉக்குறியும் ஒரே அடியில் கலந்து வருவதைக் கண்டு சிலர் மருளுவர். பாவு அறுந்ததா இல்லையா என்று பார்ப்பவர் மருளார்.

இவ்வையம் இன்று தோன்றியதன்று. காயல்பட்டினத்தில் தோன்றிய ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் (1632–1703) அரபு மொழியில் வித்ரிய்யாவுக்குத் தக்மீஸ் பாடிய மாமேதை, ஷரீஅத்தின் காவலர். தக்கலையில் ஒரு நெசவாளர் பாடும் பாடல்களைப் பற்றிக் கேள்வியுற்று, விசாரிக்க நேரில் சென்றார்கள் என்றும், கண்டு தெளிந்து மனநிறைவுடன் திரும்பினார்கள் என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. ஆலிமின் கடமை விசாரிப்பது. விசாரித்தபின் உண்மையை ஏற்பதும் அவர் கடமையே. ஷரீஅத் என்னும் வேலி இன்றி மஃரிபத் என்னும் பயிர் விளையாது. வேலியை மட்டும் காத்துப் பயிரை மறந்தவர்க்கும் அறுவடை இல்லை.

அக்காலத்தில் இது தமிழகத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. பீஜப்பூரின் சூபிகள் பெண்கள் திரிகை சுற்றும்போதும் இராட்டை நூற்கும்போதும் பாடத் தக்கினி மொழியில் ஞானப்பாடல்கள் இயற்றினர். அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் அனத்தோலியாவின் யூனுஸ் எம்ரே சிற்றூர் மக்களின் துருக்கியிலே பாடினார். பாமரர் நாவில் தங்காத ஞானம் ஏட்டில் உறங்கும் என்பதை இவர்கள் யாவரும் உணர்ந்திருந்தனர்.

அப்பா அவர்கள் காட்டிய தடம் தூர்ந்து போகவில்லை. 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் பாடல்களிலும் ஞானமும் சித்தர் மொழியும் கைகோத்து வருவதைக் காணலாம். தக்கலையில் ஆண்டுதோறும் ரஜப் பிறை 14ஆம் இரவில் ஞானப்புகழ்ச்சி விடிய விடிய ஓதப்படுகிறது. ஏடு அறியாதவரும் செவிவழி கற்று ஓதுகின்றனர்.

பெற்றோர்களே! உங்கள் இல்லத்தில் பாடவோ எழுதவோ ஆர்வமுள்ள பிள்ளை இருக்கலாம். தனக்கென ஒரு நடை உடனே வாய்க்கவில்லையே என்று அப்பிள்ளை ஏங்கலாம். அப்பா அவர்களின் வாழ்வைச் சொல்லிக் கொடுங்கள். முன்னோர் மொழியைக் கற்ற தென்காசி ஒன்று. எவரும் காணாமல் தன்னைத் தேடிய மலை ஒன்று. உழைத்து உண்டு அண்டை அயலாரின் மொழியிலே பாடிய தறிக்குழி ஒன்று. இம்மூன்றில் எதனைத் தவிர்த்தாலும் அந்தக் குரல் உருவாகியிராது. கற்காமல் மலையேறினால் மௌனமே மிஞ்சும். மலையேறாமல் பாடினால் பிறர் குரலின் எதிரொலியே எழும். மக்களிடம் இறங்காவிடில் பாடியது காற்றோடு போகும்.

அடுத்த முறை குமுளி மலையேறும்போது, பீர்மேடு என்னும் பெயரை உச்சரிக்கையில் அப்பெருமகனாருக்காக ஒரு பாத்திஹா ஓதுங்கள். நம் நாவையும் நம் மக்களின் நாவையும் வல்ல அல்லாஹ் நல்லவற்றிற்கே பயன்படுத்துவானாக! ஆமீன்.