இராசாதித்த சோழன்

இராசாதித்த சோழன் (இறப்பு: கி.பி. 949) முதலாம் பராந்தக சோழனின் (ஆட்சி: 907–955) மகனும், அவனுக்குப் பின் அரியணைக்கு உரிய இளவரசனும் ஆவான். தக்கோலப் போரில் யானை மீதிருந்தவாறே இறந்தமையால் யானைமேல் துஞ்சிய தேவன் என்றும் அழைக்கப்படுகிறான். இவன் முடிசூடவில்லை. எனினும், அக்காலப் படைகள் எவ்வாறு அணிவகுத்தன, எவ்வாறு உடைந்தன என்பதை அறிய இவனது வரலாறு உதவுகிறது.

எல்லைக் காவல்

வாணர்களின் நாட்டைப் பராந்தகன் கைப்பற்றியதால், அவர்கள் இராட்டிரகூடரின் உதவியை நாடினர். வடக்கிலிருந்து படையெடுப்பு வரலாம் என்ற நிலையில், இராசாதித்தன் காவிரிச் சமவெளியை விட்டுத் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையுடன் தங்கினான். சுந்தரர் பிறந்த திருநாவலூரே அவனது தலைமை இடம். அங்குள்ள கல்வெட்டுகள் அவனது தாய் கோக்கிழானடிகளையும், மலைநாட்டிலிருந்து வந்து பணிபுரிந்த வீரர்களையும் குறிப்பிடுகின்றன. அவ்வீரர்களின் தலைவருள் ஒருவனான வெள்ளங்குமரன் தென்பெண்ணைக் கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் கி.பி. 943இல் சிவன் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தான்.

கொள்ளிடத்துக்கு வடக்கே, பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரைத் தாங்கிய வீராணம் ஏரியை இப்படையினரே வெட்டினர் என்பது செவிவழி மரபு.

படையணி

தேர்ப்படை அந்நூற்றாண்டில் வழக்கொழிந்திருந்தது. யானை, குதிரை, காலாள் ஆகிய மூன்றுமே எஞ்சின. முன்னே செல்லும் பிரிவைத் தூசி என்றும், பின்னே வருவதைக் கூழை என்றும் தமிழ் நூல்கள் அழைக்கின்றன. வில், வேல், வாள் ஏந்திய காலாட்கள் எண்ணிக்கையில் மிகுதி. ஆனால் தூசியும் ஆரவாரமும் நிறைந்த களத்தில் தலைவன் நிற்கிறானா வீழ்ந்தானா என்று அவர்கள் அறிய ஒரே அடையாளம் அவன் ஏறியிருந்த யானைதான். பகைவருக்கும் அதுவே இலக்கு. கௌடில்யரின் அர்த்தசாத்திரம், அரசன் அணிக்குப் பின்னே இருநூறு வில் தொலைவில் சேமப்படையுடன் நிற்க வேண்டும் என்றும், சேமப்படை இன்றிப் போரிடலாகாது என்றும் விதிக்கிறது. தமிழ் வேந்தரின் மறமோ முன்னின்று பொருவதையே பெருமையாகக் கொண்டது.

தக்கோலப் போர்

கி.பி. 949இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும் அவனது மைத்துனன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகனும் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் சோழரை எதிர்த்தனர். இராசாதித்தனின் அம்புகள் கிருட்டிணனின் படையை நாற்புறமும் கலக்கின என்றும், பின்னர் யானை மீதிருந்த அவனது மார்பில் அம்பு பாய்ந்தது என்றும் சோழரின் ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. கன்னட நாட்டின் ஆதகூர்க் கல்வெட்டோ, பூதுகன் யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கி அவனைக் கொன்றதாகத் தெரிவிக்கிறது. காட்டுப்பன்றியுடன் பொருது மாண்ட ஒரு வேட்டைநாய்க்காக எழுப்பிய நினைவுக்கல் அது! சோழ இளவரசனின் இறுதிக்கு முதன்மையான சான்று அங்குதான் கிடைத்துள்ளது.

தலைவன் வீழ்ந்ததும் சோழப்படை நிலைகுலைந்து பின்வாங்கியது. 1054இல் கொப்பம் போரிலும் இதே நிலை நேர்ந்தது; இராசாதிராச சோழன் யானை மீதே கொல்லப்பட்டான். ஆனால் அன்று களத்திலிருந்த தம்பி இரண்டாம் இராசேந்திரன் படையைத் திரட்டி வென்று, அங்கேயே முடிசூடினான். தக்கோலத்தில் அத்தகைய இரண்டாம் தலைவன் முன்வரவில்லை.

போருக்குப் பின்

தொண்டை மண்டலம் சோழரின் கையை விட்டு நழுவியது. கிருட்டிணன் கச்சியும் தஞ்சையும் கொண்டவன் எனப் பெயர் பூண்டான். தலைவனுடன் உயிர்விடுவதைக் கடமையாகக் கருதிய காலம் அது. இராசாதித்தனின் நண்பனான கேரள நாட்டு வல்லபன், அவனுடன் சேர்ந்து இறக்கும் வாய்ப்பை இழந்ததால் உலகியல் வாழ்வைத் துறந்து, கங்கையில் நீராடி, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்னும் துறவியானதை அவ்வூர்க் கல்வெட்டு சொல்கிறது. இவரும் வெள்ளங்குமரனும் ஒருவரே எனச் சில ஆய்வாளர் கருதுகின்றனர்.

சோழ அரியணை இராசாதித்தனின் தம்பி கண்டராதித்தனுக்குச் சென்றது. போரைவிடச் சிவபக்தியில் நாட்டம் மிகுந்த அம்மன்னனின் நினைவாக, அவன் மனைவி செம்பியன் மாதேவி எடுப்பித்த கற்றளி மயிலாடுதுறை மாவட்டம் கோனேரிராசபுரத்தில் உள்ளது. கண்டராதித்தன் இலிங்கத்தை வழிபடும் சிற்பத்தை அங்கு காணலாம்.