பவுன் அடித்த மகாராஜா

எங்க ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்தில் ஒரு செம்புச் சக்கரம் உண்டு. அப்பாவுக்குச் சிற்பப் பட்டறையில் வேலை இல்லாத மாசம். சுற்றுலாப் பணம் கட்டணுமே என்று ஆச்சிக்குத் தெரியாமல் அதை எடுத்துப் போய் நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டினேன். இது சாதாரணம், விசாகம் திருநாள் பவுன் என்றால்தான் விலை என்று சொல்லிவிட்டார்.

யார் அவர்? தேடிப் படித்தேன். 1837-ல் பிறந்தவர். பிறந்த கொஞ்ச நாளிலேயே தாயை இழந்தார். சின்ன வயதில் நோஞ்சான், ஆனால் படிப்பில் கெட்டி. ஆங்கிலத்தில் கட்டுரைகள் எழுதினார், செடிகொடிகளை ஆராய்ந்தார். அண்ணன் ஆயில்யம் திருநாளுக்குப் பின் 1880-ல் திருவிதாங்கூர் மன்னரானார். நம்ம மயிலாடியும் அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது.

அப்போ சந்தையில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இன்னும் அரைச் சக்கரம் கூடுதல். (கணக்குப் பரீட்சையில் வந்தால் என் கதி!) இந்த நாட்டில் அவர் 1881-ல் இங்கிலாந்துப் பவுன் மாதிரி முழுப் பவுனும் அரைப் பவுனும் தங்கத்தில் அடிக்க வைத்தார். அடித்தது கொஞ்சம்தான். சந்தையில் கடைசிவரை ஓடியது சக்கரமே. அதனால்தான் நாணயம் சேர்ப்பவர்கள் அந்தப் பவுனைத் தேடி அலைகிறார்கள்.

மரச்சீனிக் கிழங்கை நாடெங்கும் பரப்பியவரும் இவரே என்கிறார்கள். 1885-ல் 48 வயதில் இறந்தார்.

சாயந்திரம் ஆச்சியிடம் உண்மையைச் சொன்னேன். நல்ல ஏச்சு கிடைத்தது. சக்கரத்தைத் துடைத்துச் செல்லத்தில் போட்டுவிட்டு, அவிச்ச மரச்சீனி எடுத்து வச்சாங்க.