சூட்டுக்கோல் வைத்தியத்தை ஒழித்தவர்: வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்ட தோல் தொழிலாளி மகன்

மரக்காணம் உப்பளத்துக்கு இருட்டோடு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு தெருநாய் பயம் புதிதல்ல. கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டுக்கொள்ளலாம். அந்த ஊசிக்கு வழி செய்த லூயி பாஸ்டர், டாக்டருக்கு படித்தவரே அல்ல!

பக்கத்து புதுச்சேரியை அப்போது ஆண்ட பிரான்ஸ் நாட்டில், 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந்தேதி பிறந்தார். அப்பாவுக்கு தோல் பதனிடும் தொழில். பாஸ்டருக்கு 8 வயதானபோது, அவர் வளர்ந்த ஆர்புவா ஊர்ப்பக்கம் வெறிபிடித்த ஓநாய் பலரை கடித்து குதறியது. கொல்லன் பட்டறையில் இரும்பை பழுக்கக் காய்ச்சி காயத்தில் சூடு வைத்தார்கள். அன்றைக்கு அதுதான் வைத்தியம். அப்படியும் பலர் துடிதுடித்து செத்தார்கள்.

வேதியியல் படித்து பேராசிரியரான பாஸ்டர், 5 பிள்ளைகளில் 3 பேரை பறிகொடுத்தார். 1868-ல் பக்கவாதம் தாக்கி இடது பக்கம் செயலிழந்தது. அதோடுதான் ஆராய்ச்சி. வெறிநோய் தாக்கிய முயலின் தண்டுவடத்தை காயவைத்து, கிருமியின் வீரியத்தைக் குறைத்து மருந்து தயாரித்தார். நாய்களிடம் பலன் தெரிந்தது. மனிதருக்குப் போடத்தான் பயம்.

1885 ஜூலை 6-ந்தேதி ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயது சிறுவனை அவன் தாய் பாரிசுக்கு கூட்டி வந்தார். 2 நாள் முன்பு வெறிநாய் கடித்து உடம்பில் 14 இடத்தில் காயம். விட்டால் பிள்ளை செத்துவிடும். ஊசி போட்டு ஏதாவது ஆனால் பழி பாஸ்டர் தலையில். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, டாக்டரை வைத்து ஊசி போட வைத்தார். மொத்தம் 13 ஊசி. சிறுவன் பிழைத்தான். பிற்காலத்தில் பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலாளி ஆனான்.

1895 செப்டம்பர் 28-ந்தேதி பாஸ்டர் இறந்தார். அந்த நாள் உலக வெறிநோய் தினமாக அனுசரிக்கப்படுகிறது.

அவர் பெயரிலேயே நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசியை நினைத்து இன்னமும் மிரள்கிறவர்கள் உண்டு. அது 2004-ம் ஆண்டோடு ஒழிந்துவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் கையில்தான் போடுகிறார்கள், அதுவும் இலவசமாக. முதல் நாள் போட்டு, அதிலிருந்து 3, 7, 28-வது நாட்களிலும் தவறாமல் போட வேண்டும். ஆழமான காயம் என்றால் காயத்திலேயே போடும் தனி மருந்தும் உண்டு.

ஊசிக்கு முன்னால், காயத்தை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வைத்துக் கட்டுவது ஆர்புவா சூடு மாதிரிதான், புண்தான் மிச்சம். தண்ணீரைக் கண்டு பயப்படும் கட்டம் வந்துவிட்டால், அதற்குப் பிறகு காப்பாற்ற இன்றுவரை மருந்து இல்லை.