ரஹீம் சாகிப்பைப் புகழ்வதா, குறை சொல்வதா?

உங்க ஹாஸ்டல் ஃப்ளோர்ல மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன் ஒருத்தனாவது இருப்பான். அவன்கிட்ட ஃபெர்குசன் பேரைச் சொல்லிப் பாருங்க. முதல் அஞ்சு நிமிஷம் கையெடுத்துக் கும்பிடுவான். அடுத்த அஞ்சு நிமிஷம், 2013-ல வயசான டீமைக் கையில கொடுத்துட்டுப் போயிட்டார்னு திட்டுவான். ரெண்டும் ஒரே வாயிலிருந்து வரும், ரெண்டுமே மனசார வரும்.

இந்திய கால்பந்துக்கும் இப்படி ஒருத்தர் உண்டு. பெயர் சையது அப்துல் ரஹீம். 2024-ல் வந்த 'மைதான்' படத்தில் அஜய் தேவ்கன் செய்த பாத்திரம் இவர்தான். படம் பார்த்திருந்தால் அவருடைய பெருமை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பழைய ஆட்டங்களைப் பற்றிப் படிக்கிற ரசிகர்களிடம் பெருமை மட்டும் இல்லை, ஒரு நெருடலும் இருக்கிறது. அவர் இருந்தவரை எல்லாம் கிடைத்தது. போனதும் கிட்டத்தட்ட எதுவும் கிடைக்கவில்லை. இதற்கு அவரைப் பாராட்ட வேண்டுமா, இல்லை அவரிடமே கேள்வி கேட்க வேண்டுமா? அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்க.

ரஹீம் பிறந்தது ஹைதராபாத்தில், 1909 ஆகஸ்ட் 17. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர், அந்த அணிக்கு ஆடியவர். தொழில் பள்ளி ஆசிரியர். உடற்கல்வியில் டிப்ளமோவும் முடித்தார். இந்த வாத்தியார் விஷயத்தை மறந்துடாதீங்க, அவருடைய மொத்தக் கதையும் அதில்தான் இருக்கு. 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும்வரை அந்தப் பொறுப்பை விடவில்லை.

செயலாளர் ஆனவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. ஊர்ப் பையன்களுக்கு விதவிதமான போட்டிகள் நடத்தினார். ஒன்றில் டிரிபிளிங் கூடாது, பந்து வந்ததும் பாஸ் பண்ணியே ஆகணும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆடணும், அதாவது வலதுகால் பையன் இடதுகாலால் மட்டும். உயர வரம்பு வைத்து, குள்ளமான பையன்களுக்கென்றே ஒரு போட்டி. யோசிச்சுப் பாருங்க, இது எதற்கும் பணம் வேண்டாம். விதியை மாற்றினால் போதும். இடதுகாலைப் பயன்படுத்து என்று ஆயிரம் தடவை கத்துவதற்குப் பதிலாக, வேறு வழியே இல்லாத ஆட்டத்துக்குள் பையனை இறக்கிவிட்டார். நம்ம டிசைன் பேப்பர்ல கன்ஸ்ட்ரெய்ன்ட் என்று படிக்கிறோமே, அதைத்தான் அவர் கிரவுண்டில் செய்தார்.

1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அந்த வருஷமே டுராண்ட் கோப்பை ஃபைனலில் மோகன் பகானைத் தோற்கடித்தார்கள். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தார்கள். கல்கத்தாதான் கால்பந்து என்று நாடே நம்பிய காலத்தில் ஒரு போலீஸ் டீம் இதைச் செய்தது.

அடுத்தது இந்திய அணி. 1951 மார்ச்சில் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் தங்கம். ஃபைனலில் ஈரானை 1-0 என்று ஜெயித்தார்கள், கோல் அடித்தவர் மேவலால். அடுத்த வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக். குளிர், ஈரத்தரை, நம்ம ஆட்களில் பலர் வெறுங்காலுடன். யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. இந்தியக் கால்பந்தின் மிக மோசமான தோல்விகளில் ஒன்றும் ரஹீம் கணக்கில்தான் இருக்கிறது. படத்தில் சீக்கிரம் கடந்துவிடுகிற இடம் இது, ஆனால் அவரைப் புரிந்துகொள்ள இந்த ஸ்கோர் ரொம்ப முக்கியம். அதற்குப் பிறகுதான் இந்திய அணிக்கு பூட்ஸ் கட்டாயம் ஆனது. சென்டர் ஃபார்வர்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்து ஆடும் ஹங்கேரி பாணியை ரஹீம் நம்ம அணிக்கும் கொண்டுவந்தார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம். இங்கதான் ரசிகர்கள் ரெண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சி, ஆசிய அணி ஒன்று ஒலிம்பிக் செமிஃபைனல் வரை போனது அதுதான் முதல் முறை என்று சொல்லும். இன்னொரு கட்சி கணக்குப் போட்டுக் காட்டும். மொத்தம் 11 அணிகள்தான். ஹங்கேரி விலகியதால் முதல் ரவுண்டு ஆடாமலே கிடைத்தது. ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், ஆஸ்திரேலியாவை 4-2, நெவில் டிசோசா ஹாட்ரிக். பிறகு யூகோஸ்லாவியாவிடம் 1-4, பல்கேரியாவிடம் 0-3. ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு பொற்காலம் என்கிறோமே என்று கேட்கும்.

கணக்கு தப்பில்லை. ஆனால் பாதியில் நிறுத்திய கணக்கு. அந்தத் தோல்விக்குப் பிறகு அதே டிசம்பரில் ஆஸ்திரேலியா சிட்னியில் இந்தியாவோடு மறுபடி மோதிப் பார்த்தது. ஸ்கோர் 7-1, ஜெயித்தது இந்தியா. அதிர்ஷ்டத்தில் ஏழு கோல் விழாது. யூகோஸ்லாவியா விஷயத்தையும் பாருங்க. 1952-ல் 10-1. நாலு வருஷம் கழித்து அதே நாட்டுக்கு எதிராக முதல் கோல் அடித்தது நாம், அப்புறம்தான் 4-1 தோல்வி. ரெண்டு முறையும் அவர்கள் வெள்ளி வாங்கிய அணி. அளவுகோல் மாறவில்லை, நாமதான் நகர்ந்திருக்கோம்.

அந்த மெல்போர்ன் அணியில் ரெண்டு தமிழ்ப் பையன்கள் இருந்தார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரெண்டு பேருமே ஹைதராபாத்-செகந்திராபாத் பக்கம் வளர்ந்த தமிழர்கள். ஒருத்தர் பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம், ஆரம்பத்தில் ஃபார்வர்டாக ஆடி கோல்கீப்பராக மாறியவர். மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியோடு 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பை வாங்கியவர். இன்னொருத்தர் துளசிதாஸ் பலராம், அப்போது இருபது வயசு. செகந்திராபாத்திலிருந்து ஹைதராபாத் வந்து பயிற்சி எடுக்க பலராமிடம் காசு இல்லை. வாடகை சைக்கிளுக்கு ரஹீமே பணம் கொடுத்து வரச் சொன்னார். வாத்தியார் புத்தி! திறமை இருக்கிற பையன் ஏன் வரவில்லை என்று கேட்டு, காரணம் சைக்கிள்தான் என்றால் அதைத் தீர்த்துவிட்டு மேலே போவது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பதக்கமும் இல்லை, அடுத்த சுற்றும் இல்லை. ஆனால் பிரான்ஸோடு 1-1 டிரா. வெண்கலம் வாங்கிய ஹங்கேரியோடு 1-2 தான், அந்த ஒரு கோல் பலராம் அடித்தது. அந்த அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். ஒரு ஆட்டத்தில்கூட அவரை இறக்கவில்லை. அப்பா கோச்சாக இருந்தும் பெஞ்சில் உட்கார்ந்தே ஒலிம்பிக் முடிந்தது. இன்றைக்கு எந்த டீமை எடுத்தாலும் யார் யாருக்குச் சொந்தம் என்று தேடுகிறோமே, அதனால்தான் இது எனக்கு நெவில் டிசோசா ஹாட்ரிக்கை விடப் பெரிய சங்கதியாகப் படுகிறது.

இனி ஜகார்த்தா, 1962. ரஹீமுக்கு உடம்பு ஏற்கனவே சரியில்லை, நுரையீரல் புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2. அப்புறம் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. ஜர்னைல் சிங் டிஃபெண்டர், தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அந்தத் தலையோடு பின்னால் நிற்க முடியாது என்று அவரை ரஹீம் ஃபார்வர்டாக மாற்றினார். செமிஃபைனலில் தென் வியட்நாமை 3-2. ஜர்னைல் ஒரு கோல்.

ஃபைனல் செப்டம்பர் 4, மறுபடியும் தென்கொரியா. அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். காரணம் கால்பந்து இல்லை. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா கொடுக்கவில்லை. அதை எதிர்த்துப் பேசியவர் இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி, கோபமெல்லாம் நம்ம வீரர்கள் மேல். அந்தக் கூட்டத்தில் நமக்குக் கைதட்டியது யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி டீம். காய்ச்சலில் கிடந்த தங்கராஜை, உயரமான கிராஸ் பந்துகளைச் சமாளிக்க ரஹீம் கோலுக்குள் திரும்பக் கொண்டுவந்தார். பிரேசில் 1958-ல் உலகக் கோப்பை வாங்கிய அதே 4-2-4 அமைப்பு. முதல் இருபது நிமிஷத்தில் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. கொரியா கடைசியில் ஒன்று போட்டது. 2-1, தங்கம்.

இதிலும் ஒரு நெருடல் இருக்கு, மறைக்க வேண்டாம். 1954, 1958 ரெண்டு ஆசிய விளையாட்டிலும் கால்பந்து தங்கம் வாங்கியது விசா கிடைக்காத அதே தைவான். நடப்பு சாம்பியன் வராத போட்டியில்தான் ஜெயித்தோம். வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்காகப் பேசியதாலேயே திட்டு வாங்கியபடி ஆடிய அணியிடம் போய், சாம்பியன் இல்லாமல் ஜெயித்தாய் என்று சொல்வது கொஞ்சம் அநியாயம்தான்.

1963 ஜூன் 11, ரஹீம் இறந்தார். வயசு 53. பலராமும் அதே 1963-ல் நோயால் ஆட்டத்தை நிறுத்தினார். அடுத்து வந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இந்தியாவை வெளியே அனுப்பியது ஈரான், 1951-ல் நாம் ஃபைனலில் ஜெயித்த அதே ஈரான். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அந்த வெண்கல அணியின் கேப்டன் நயீமுதீனும் ஹைதராபாத்காரர். அதோடு சரி. 1960-க்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. ஆசிய விளையாட்டில் 1970-க்குப் பிறகு கால்பந்துப் பதக்கம் இல்லை.

லிஸ்பனில் பென்ஃபிகா ரசிகர்களுக்கும் ஒரு கதை உண்டு. பேலா குட்மன் என்ற கோச் 1961, 1962 ரெண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். சம்பளத் தகராறில் வெளியே போகும்போது நூறு வருஷத்துக்கு இனி கோப்பை கிடையாது என்று சாபம் விட்டதாகச் சொல்வார்கள். அதன்பிறகு எட்டு ஐரோப்பிய ஃபைனல், எட்டிலும் தோல்வி. சாபம் விட்டவருக்கே 2014-ல் ஸ்டேடியத்தில் சிலை வைத்தார்கள். அவர்களுக்குத் திட்டவாவது ஒரு சாபம் இருக்கு. ரஹீம் யாரையும் சபித்துவிட்டுப் போகவில்லை, நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

சரி, குறை சொல்பவர்கள் என்னதான் சொல்கிறார்கள்? ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளர், போலீஸ் அணிக்குக் கோச், நாட்டுக்குக் கோச், எல்லாம் ஒரே ஆள். நம்ம பாஷையில் சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். அந்த ஒரு பாகம் போனதும் சிஸ்டம் நின்றது. நல்ல பொறியாளர் இப்படி டிசைன் பண்ணுவானா?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கு. ஆனால் விடை சொல்ல வேண்டிய ஆள் ரஹீம் இல்லை என்பது என் கட்சி. பதிமூணு வருஷம் ஒரே மனிதர் மேல் எல்லா லோடையும் ஏற்றியது கால்பந்து சம்மேளனம். 1952-ல் பத்து கோல் வாங்கியபோது பூட்ஸ் போடணும் என்று உடனே விதி போடத் தெரிந்தது. அந்த வாத்தியார் ஹைதராபாத்தில் நடத்திய இடதுகால் போட்டிகளை நாடு முழுக்க நடத்த ஒரு விதி போடத் தோன்றவில்லை. மெடலை எடுத்து வைத்துக்கொண்டோம், மெடல் எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஹைதராபாத் வீரர்களும் நல்ல வேலையும் காசும் தேடி கல்கத்தா, பம்பாய் கிளப்புகளுக்குப் போனார்கள். அவர்களையும் தப்பு சொல்ல முடியாது, பிளேஸ்மென்ட்டுக்கு நாம பெங்களூரு ஓடுகிற மாதிரிதான்.

எங்க வ. புதுப்பட்டியில் மேற்கே மலை, சாயங்காலம் ஆனால் காற்று, பந்து விளையாட இடத்துக்குப் பஞ்சமே இல்லை. இருந்தாலும் பையன்கள் கையில் கிரிக்கெட் மட்டைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் மெஸ்ஸி டீஷர்ட் பார்க்கலாம். தங்கராஜ் யார் என்று கேட்டால் எந்தத் தெரு என்று திருப்பிக் கேட்பார்கள். பொற்காலம் போச்சே என்ற புலம்பலை இவர்களிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? சைக்கிள் வாடகை கதையைச் சொன்னால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து கேட்கிறார்கள்.

நீங்க எந்தக் கட்சியாக இருந்தாலும் இருங்க. அடுத்த ஸ்போர்ட்ஸ் டேக்கு ஒரு ஃபைவ்ஸ் போட்டி வைக்கிறீங்கன்னா ஒரு விதியை மட்டும் சேர்த்துப் பாருங்க. வலதுகால் ஆள் இடதுகாலால்தான் அடிக்கணும், இடதுகால் ஆள் வலதுகாலால். மாறித் தொட்டால் ஃபவுல். நம்ம டிபார்ட்மென்ட் ஸ்டார் பிளேயர் பந்தைத் தேடித் தடுமாறுவான், பெஞ்சில் கிடக்கிற யாரோ ஒருத்தன் கோல் அடிப்பான்.